நூறு பிள்ளைகளும் ஒரு காய்ச்சலும்

வாசகர் கேள்வி – பதில்

இரண்டு இதழ்களுக்கு முன் டெங்குவைப் பற்றி எழுதியபோது, "ஒரு காய்ச்சல் ஊருக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கணக்குப் போட்டும் பார்க்கலாம்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, பழைய வடஆற்காட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு இதைவிட வேறு மகிழ்ச்சி என்ன வேண்டும்? ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: கல்லூரியில் கணிதம் படிக்கிறேன். வகைக்கெழுச் சமன்பாடுகளைக் கொண்டு தொற்றுநோயின் போக்கை அறியலாம் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். ஒவ்வோர் உடம்பும் ஒவ்வொரு விதமாக இருக்கும்போது, உடம்புக்குள் நடப்பது ஒரு சமன்பாட்டுக்குள் எப்படி அடங்கும்? – ஒரு மாணவி, காட்பாடி

பதில்: உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை இந்தக் கணக்கு பெரும்பாலும் மருத்துவரிடமே விட்டுவிடுகிறது. ஊருக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இதன் வேலை. இதற்காக ஊர்மக்களை மூன்று வரிசைகளில் நிறுத்துகிறோம்: நோய் இன்னும் வராதவர்கள், இப்போது நோய் இருந்து பிறருக்குப் பரப்பக்கூடியவர்கள், நோய் வந்து தேறி எதிர்ப்பாற்றல் பெற்றவர்கள். முதல் வரிசையிலிருந்து இரண்டாவதற்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கும் நாள்தோறும் எத்தனை பேர் நகர்கிறார்கள் என்பதை எழுதினால் அதுவே உங்கள் பேராசிரியர் சொன்ன சமன்பாடு.

சமன்பாட்டை விட்டுவிட்டு, கூட்டலும் பெருக்கலும் மட்டும் வைத்துப் பார்ப்போம். நூறு பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதி. விடுமுறை கிடையாது, யாரும் வீட்டுக்குப் போவதில்லை. ஒரு பிள்ளைக்குப் புதுக் காய்ச்சல் வருகிறது. சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் நோய் வராதவர்களாக இருந்தால் ஒருவர் சராசரியாக 2 பேருக்கு ஒட்டவைப்பார் என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் 2 பேர், அடுத்த சுற்றில் 4 பேர். இதுவரை வெறும் இரட்டிப்புதான். மூன்றாம் சுற்றில் 8 வரவேண்டும், ஆனால் 7 தான் வருகிறது. ஏனென்றால் இந்த நால்வரும் பழகும் பிள்ளைகளில் சிலர் ஏற்கெனவே காய்ச்சல் வந்து தேறியவர்கள். நூறில் இன்னும் எத்தனை பேர் வராதவர்கள் என்ற பங்கைக் கொண்டு ஒவ்வொரு சுற்றையும் பெருக்கிக்கொண்டே போனால், அடுத்தடுத்து 12, 18, 20 என்று ஏறி, பிறகு 14, 6, 2 என்று இறங்குகிறது. மொத்தம் 86 பேர் படுத்து எழுந்திருக்கிறார்கள். அடுத்த சுற்றுக்கு விடை ஓர் ஆளுக்கும் குறைவாக வருவதால் சங்கிலி அறுந்துவிடுகிறது. மீதி 14 பிள்ளைகளை அந்தக் காய்ச்சல் தொடவே இல்லை.

அந்த 14 பேரிடம்தான் இந்தப் பாடத்தின் உயிர் இருக்கிறது. பற்றுவதற்கு ஆள் இல்லாமல் போனதால் நோய் நிற்கவில்லை. நோயுள்ளவர் நோய் வராதவரைச் சந்திக்கும் வாய்ப்பு அருகிப்போனதால் நின்றது. இன்னொன்றையும் கவனியுங்கள்: 20 என்ற உச்சம், வராதவர்களின் எண்ணிக்கை பாதியைத் தாண்டிக் குறைந்த அந்தச் சுற்றில்தான் வந்தது. ஒருவர் இருவருக்குத் தருகிற நோயில், எதிரே நிற்பவர்களில் பாதிப் பேர் எதிர்ப்பாற்றல் உள்ளவர்களாக ஆகிவிட்டால், ஒருவரால் ஒருவருக்கு மட்டுமே தர முடியும். அதற்கு மேல் நோய் சரியத்தான் வேண்டும்.

1927ஆம் ஆண்டு கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் இதை முறையான சமன்பாடுகளாக எழுதினார்கள். மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவர், இமாசலத்தின் மலை ஊரான கசௌலியில் வேலை பார்த்தவர். கெர்மாக் வேதியியல் அறிஞர். 1924இல் ஆய்வகத்தில் நடந்த விபத்தில் இரு கண்களின் பார்வையையும் இழந்தவர். தம் சமன்பாடு சரியா என்று பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது, 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக் நோயால் வாரந்தோறும் இறந்தவர்களின் எண்ணிக்கையை. பார்வையற்ற ஒருவர் மனக்கண்ணில் வரைந்த வளைகோடு பம்பாயின் சாவுக் கணக்கோடு ஒட்டிப்போனதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உங்கள் பாடப்புத்தகத்தில் அந்தச் சமன்பாடு வரும் பக்கத்தில் இதையும் பென்சிலால் குறித்து வையுங்கள்.

கேள்வி: வாராவாரம் நகராட்சியிலிருந்து ஆள் வந்து டிரம், தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்க்கச் சொல்கிறார்கள். எங்களுக்குக் குழாயில் தண்ணீர் வருவதே சில நாட்களுக்கு ஒரு முறைதான். நாங்கள் கவிழ்த்தாலும் பக்கத்து வீட்டில் கவிழ்ப்பதில்லை. எல்லாக் கொசுவையும் ஒழிக்க முடியாத இடத்தில் இது வீண் வேலை அல்லவா? – ஒரு நெசவாளர், குடியாத்தம்

பதில்: பாலாறு மணலாகக் கிடக்கும் ஊர்களில் டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்காமல் குடும்பம் நடத்த முடியாது என்பதை நான் அறிவேன். என் வீட்டிலும் மூன்று டிரம் உண்டு. இருந்தாலும் உங்கள் கேள்வியின் கடைசி வரிக்கு நூறாண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது.

மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கண்டவர் ரொனால்டு ராஸ். அதற்காக 1902இல் நோபல் பரிசு பெற்ற அவரிடமும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: கொசு எங்கும் இருக்கிறது, எல்லாவற்றையும் கொல்ல முடியாது, பிறகு ஏன் இந்த முயற்சி? மருத்துவரான ராஸ் இதற்குக் கணக்கால் பதில் சொன்னார். ஆளுக்கு இத்தனை கொசு என்ற ஓர் அளவுக்குக் கீழே போனால், கொசு மிச்சமிருந்தாலும் மலேரியா தானாகத் தேய்ந்துவிடும் என்பதே அவர் கண்ட விடை. ஊரில் கொசுவே இல்லாமல் செய்வது யாராலும் ஆகாத காரியம். எண்ணிக்கையை அந்த அளவுக்குக் கீழே தள்ளுவது ஊர் கூடினால் ஆகும் காரியம்.

இது டெங்குவுக்கும் பொருந்தும். கொசு ஒருவரைக் கடித்துக் கிருமியை எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு இன்னொருவரைக் கடித்துக் கொடுக்க வேண்டும். ஆக, ஒரு தொற்றுக்கு இரண்டு கடி தேவை. அதனால் கொசு மனிதரைக் கடிக்கும் வேகத்தைப் பாதியாக்கினால் பரவல் பாதியாகாது. பாதியில் பாதி, அதாவது கால் பங்காகிவிடும். பகலில் கடிக்கும் இந்தக் கொசுவிடமிருந்து பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிடச் சொல்வதன் பின்னால் இந்தப் பெருக்கல் இருக்கிறது.

ராஸுக்குப் பிறகு 1950களில் மெக்டொனால்டு என்பவர் இன்னும் ஒன்றைக் கண்டார். கடித்த உடனே கொசுவால் நோயைத் தர முடியாது. கிருமி அதன் உடம்பில் முதிர்ந்து எச்சில் சுரப்பிக்கு வந்து சேர ஏறக்குறைய பத்து நாள் ஆகும். அதுவரை கொசு உயிரோடு இருந்தாக வேண்டும். ஒரு நாளைத் தாண்டி மறுநாளைப் பார்க்கும் வாய்ப்பு கொசுவுக்கு நூற்றுக்கு 90 என்றால், பத்து நாள் தாண்டுபவை நூற்றில் 35. அந்த வாய்ப்பை 80 ஆகக் குறைத்தால் பத்து நாள் தாண்டுபவை நூற்றில் 11 கூட இல்லை. அதற்குப் பிறகு உயிரோடு இருக்கும் நாட்களும் பாதியாகக் குறைந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால், ஒரு சிறு மாற்றத்தில் ஆபத்து ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகிறது. கொசுவின் எண்ணிக்கையைக் காட்டிலும் அதன் ஆயுளைக் குறைப்பது பல மடங்கு பயன் தரும் என்ற இந்த முடிவுதான், வீட்டுச் சுவர்களில் மருந்து தெளிக்கும் முறைக்குக் கணக்கு வழியில் வலுச் சேர்த்தது.

வாரம் ஒரு முறை என்பதற்கும் காரணம் உண்டு. முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, இறக்கை முளைத்துப் பறக்க ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆகும்; ஏழு நாளைக்கு ஒரு முறை கவிழ்த்தால் பறப்பதற்கு முன்பே அந்தத் தலைமுறை போய்விடும். கவிழ்ப்பதோடு நிற்காமல் டிரம்மின் உட்புறத்தை நாரால் தேய்க்கச் சொல்வது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கரும்புள்ளிகளாக ஒட்டியிருக்கும் முட்டைகளுக்காக. அவை பல மாதம் காய்ந்து கிடந்தாலும் மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். அடுத்த முறை டிரம் காலியாகும்போது டார்ச் அடித்து அந்த விளிம்பைப் பாருங்கள். பக்கத்து வீட்டாரையும் அழைத்து ஒரு முறை காட்டிவிடுங்கள்; அறிவுரையைவிட அது நன்றாக வேலை செய்யும். தினமும் புழங்கும் தண்ணீரைக் கொட்ட மனமில்லையென்றால், டிரம்மின் வாயைப் பழைய வேட்டியால் இறுகக் கட்டி வையுங்கள், அல்லது கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றுபவர்களை ஊற்றவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் நாய்த்தொல்லை தாங்க முடியவில்லை. பிடித்துக் கொன்றால் தீர்ந்துவிடும் பிரச்சினைக்குக் கருத்தடை, தடுப்பூசி என்று ஏன் செலவு செய்கிறார்கள்? – ஒரு கடைக்காரர், ஆம்பூர்

பதில்: உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் கொன்றால் தீராது என்பதைத்தான் கணக்கு காட்டுகிறது.

வெர்ஹுல்ஸ்ட் என்ற பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் 1838இல் எழுதிய சமன்பாட்டின்படி, எந்த உயிரினமும் தன் இடம் தாங்கும் அளவு வரை பெருகி, அதை நெருங்கும்போது மெதுவாகி நின்றுவிடும். உங்கள் தெரு எத்தனை நாய்களைத் தாங்கும் என்பதை முடிவு செய்வது தெருமுனைக் குப்பையும், இரவில் கொட்டப்படும் எலும்பும் சோறும்தான். அதே சமன்பாட்டின்படி கூட்டம் மிக வேகமாகப் பெருகுவது, தாங்கும் அளவில் சரிபாதி இருக்கும்போது. ஆகவே பாதி நாய்களைக் கொன்றுவிட்டுக் குப்பையை அப்படியே விட்டால், மிச்சம் உள்ளவை அதிவேகமாகப் பெருகுவதற்கு நாமே வழி அமைத்துக் கொடுத்தவர்கள் ஆவோம்.

வெறிநோயைப் பொறுத்தவரை நமக்குச் சாதகமான ஓர் எண் உண்டு. ஒரு வெறிநாய் சராசரியாக இரண்டுக்கும் குறைவான நாய்களுக்கே நோயைத் தருகிறது. அப்படியானால் பாதி நாய்களுக்குத் தடுப்பூசி போட்டாலே போதுமே, ஏன் 70 விழுக்காடு என்று இலக்கு வைக்கிறார்கள்? நாயின் ஆயுள் குறைவு என்பதுதான் காரணம். ஓராண்டில் பத்தில் நான்கு நாய்கள் இறந்து, அந்த இடங்களுக்கு ஊசி போடாத குட்டிகள் வந்துவிட்டால், 70 விழுக்காடு 42 ஆகிவிடும். ஒரு வெறிநாய் இரண்டுக்கும் குறைவாகவே தருவதால், அடுத்த முகாம் வரை நோயைத் தடுக்க அது போதும்; 50இல் தொடங்கியிருந்தால் 30 ஆகிப் போதாமல் போய்விடும். நாய்களைக் கொல்லும்போது ஊசி போட்ட நாய்களும் சேர்ந்து சாகின்றன என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். யாரையாவது நாய் கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கேள்வி: எல்லாரும் ஒன்று, இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டு பல காலம் ஆகிறது. இருந்தும் மக்கள்தொகை கூடிக்கொண்டே போகிறதே, எப்படி? – ஒரு தபால் ஊழியர், திருப்பத்தூர்

பதில்: தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி, மக்கள்தொகை கூடாமல் குறையாமல் நிலைக்கத் தேவையான 2.1க்குக் கீழே இறங்கிச் சில காலம் ஆகிவிட்டது; 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி அது 1.8. என்றாலும் 2001இல் 6.24 கோடியாக இருந்த நாம் 2011இல் 7.21 கோடியானோம்.

ஒரு கிராமத்தில் தாத்தா பாட்டி வயதினர் 100 பேர், பெற்றோர் வயதினர் 200 பேர், பிள்ளைகள் 200 பேர், ஆக 500 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தம்பதிக்கும் சரியாக இரண்டே பிள்ளைகள். ஒரு தலைமுறை கழிகிறது. பழைய தாத்தா பாட்டிகள் 100 பேர் காலமாகிறார்கள். அவர்கள் இடத்துக்குப் பெற்றோர் 200 பேர் வருகிறார்கள். பிள்ளைகள் பெற்றோராகி 200 பிள்ளைகளைப் பெறுகிறார்கள். இப்போது மொத்தம் 600. ஒரு பிள்ளைகூடக் கூடுதலாகப் பிறக்கவில்லை, ஆனாலும் ஊர் நூறு பேர் பெருத்துவிட்டது. மிதிப்பதை நிறுத்திய பிறகும் சைக்கிள் சிறிது தூரம் ஓடுவதைப் போன்றது இது. எனவே மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். வயதுவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வயது என்று எழுதும்போது எனக்கு ஒரு நினைவு வருகிறது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆசிரியர்களான எங்களுக்குத்தான் வேலை. எனக்கு ஒதுக்கியது வேலூர் கொசப்பேட்டைப் பக்கத்தில் ஒரு நீண்ட சந்து. திண்ணையில் புளி ஆய்ந்துகொண்டிருந்த ஓர் அம்மாளிடம் வயது கேட்டேன். "என்னா ஒரு நாப்பது இருக்கும், நாப்பதுன்னே போட்டுக்க டீச்சர்" என்றார். அடுத்த வீட்டுக்காரரும் நாற்பது, அதற்கடுத்த வீட்டில் ஐம்பது. மூத்த பிள்ளை பிறந்தபோது அந்த அம்மாளுக்கு என்ன வயது, அந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன வயது என்று கேட்டுக் கூட்டிப் பார்த்தால் 46 வந்தது. அன்று மாலை படிவங்களை அடுக்கும்போது பார்த்தேன்: என் சந்தில் 39 வயதினரும் 41 வயதினரும் அனேகமாக இல்லை, எல்லாரும் நாற்பதில் வந்து குவிந்திருந்தார்கள். நாடு முழுவதுமே வயதுகள் இப்படிப் பூஜ்யத்திலும் ஐந்திலும் குவிவதைப் புள்ளியியலாளர்கள் அறிவார்கள்; அதைச் சமன்செய்யத் தனி முறைகளே வைத்திருக்கிறார்கள். இப்படிக் கணக்காக எழுதும் மாதிரி (மாடல்) எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அதற்குள் போகும் எண்ணை ஒரு திண்ணையில்தான் ஒருவர் எழுதுகிறார் என்பதை அன்றிலிருந்து நான் மறந்ததில்லை.

கேள்வி: கொரோனா காலத்தில் பல வல்லுநர்களின் கணிப்பு பொய்த்துப்போனதைக் கண்ணால் பார்த்தோம். இதற்குப் பிறகும் இந்தக் கணக்குகளை நம்பச் சொல்வது நியாயமா? – வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர், ராணிப்பேட்டை

பதில்: நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. 2020 அக்டோபரில், மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைத்த வல்லுநர் குழு, உச்சம் செப்டம்பரிலேயே கடந்துவிட்டது, கட்டுப்பாடுகள் தொடர்ந்தால் 2021 பிப்ரவரி முடிவில் நோய் பெரும்பாலும் அடங்கிவிடும் என்று கூறியது. நடந்தது நமக்குத் தெரியும்: 2021 மே முதல் வாரத்தில் நாட்டில் ஒரே நாளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. அந்த மே மாதத்தில் எங்கள் குடும்பத்திலும் இருவரை இழந்தோம். ஆகவே அந்தத் தவற்றை நான் பூசி மெழுகப்போவதில்லை.

பிழை எங்கே நேர்ந்தது என்பதைப் பார்க்க வேண்டும். முன்பைவிட வேகமாகப் பரவும் டெல்டா வகை வந்தது. பழைய பரவல் எண்ணை வைத்துப் போட்ட கணக்கில் அதற்கு இடமில்லை. இந்தக் கணக்கில் சிறு மாற்றம் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு ஓர் உதாரணம்: ஒருவர் 1.3 பேருக்குத் தருகிறார் என்றால் பத்துச் சுற்றில் ஒருவர் 14 பேர் ஆவார், 1.5 பேருக்குத் தருகிறார் என்றால் 58 பேர் ஆவார். உண்மையில் எத்தனை பேருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தது என்பதையும் அரைகுறையாகத்தான் அறிந்திருந்தோம். மேலும், நோயின் செய்தி கேட்டு மனிதர்கள் நடத்தையை மாற்றிக்கொள்கிறார்கள்: அச்சம் வந்தால் வீட்டில் இருக்கிறார்கள், ஆறுதல் வந்தால் கல்யாணத்துக்குக் கூடுகிறார்கள். அடங்கிவிடும் என்று சொன்ன கணிப்பே அது பொய்க்க ஒரு காரணமாகவும் ஆகலாம். ஏரிக்கரை உடையப்போகிறது என்று தண்டோரா போட்டதும் ஊர் திரண்டு மணல் மூட்டை அடுக்கிக் கரையைக் காப்பாற்றினால், தண்டோரா போட்டவன் பொய் சொன்னான் என்று யாரும் சொல்வதில்லை. அந்த நியாயத்தை மாதிரிகளுக்கும் தர வேண்டும்.

என் கருத்து இது: எந்தத் தேதியில் எத்தனை பேர் என்று மாதக்கணக்கில் முன்னால் சொல்லும் மாதிரியை, ஆரூடத்தைக் கேட்பது போலவே எச்சரிக்கையோடுதான் கேட்க வேண்டும். இதைச் செய்தால் என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பாதைகளை அருகருகே வைத்துக் காட்டும் மாதிரி மிகவும் மதிப்புள்ளது. கொசுவைப் பற்றியும் நாய்களைப் பற்றியும் மேலே சொன்னவை இந்த இரண்டாவது வகை. ராஸ் எந்தத் தேதியையும் சொல்லவில்லை. வங்கியில் கடன் கொடுக்கும்போது நீங்கள் போட்ட கணக்குகளும் பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருந்திருக்கும்.

கேள்வி: தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மைத் தடுப்பூசி போட்டாயிற்று. என் பிள்ளைக்கு மட்டும் விட்டுப்போனால் என்ன? – ஓர் இளம் தாய், வாலாஜாபேட்டை

பதில்: நம் பக்கத்தில் மணல்வாரி என்று சொல்லும் தட்டம்மை, எதிர்ப்பாற்றலே இல்லாத ஊரில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை பரவக்கூடியது. அதை நிறுத்த, 12 என்றால் பன்னிரண்டில் பதினொரு பேருக்கும், 18 என்றால் பதினெட்டில் பதினேழு பேருக்கும் எதிர்ப்பாற்றல் வேண்டும். அதனால்தான் நூற்றுக்கு 95 என்கிறார்கள். விட்டுப்போகக்கூடிய அந்த ஐந்து இடங்களும், ஊசி போடும் வயது வராத கைக்குழந்தைகளுக்கும் ஊசி போட முடியாத நோயாளிப் பிள்ளைகளுக்கும் உரியவை. உங்கள் பிள்ளை நலமாக இருக்கிறது. அந்த இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வாரமே கிராம சுகாதாரச் செவிலியரைப் பார்த்து விட்டுப்போன தவணையைப் போட்டுவிடுங்கள் அம்மா.

கேள்வி: இந்தத் துறைக்கு நம் வேலூரின் பங்கு என்று சொல்லிக்கொள்ள ஏதாவது உண்டா? – ஓய்வுபெற்ற ஆசிரியை, சத்துவாச்சாரி

பதில்: நிறைய உண்டு. உலகம் வியக்கும் புதுச் சமன்பாடு எதுவும் இங்கே பிறக்கவில்லைதான். ஆனால் சமன்பாட்டுக்குள் போகும் எண்களைப் பொறுமையாகவும் நேர்மையாகவும் எண்ணிக் கொடுத்த ஊர் இது.

முதலில் போலியோ. வாயில் விடும் சொட்டு மருந்து மேலை நாடுகளில் மூன்று தவணையில் நன்றாக வேலை செய்தது. இங்கே அதே மூன்று தவணை கொடுத்தும் பிள்ளைகளுக்கு எதிர்ப்பாற்றல் போதுமான அளவு உண்டாகவில்லை என்பதை, கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நச்சுயிரியல் அறிஞர் ஜேக்கப் ஜான் ஆய்ந்து காட்டி, தவணைகளைக் கூட்ட வேண்டும், ஒரே நேரத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். இதன் கணக்கு எளிது. ஒரு தவணை ஐந்தில் ஒரு பிள்ளைக்குத்தான் பலிக்கிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று தவணைக்குப் பிறகும் பாதிப் பிள்ளைகள் பாதுகாப்பில்லாமல் இருப்பார்கள். பத்துத் தவணைக்குப் பிறகு பாதுகாப்புப் பெற்றவர்கள் நூற்றுக்கு 89 ஆகிவிடுவார்கள். ஒருவரிடமிருந்து ஐந்து முதல் ஏழு பேருக்குப் பரவும் போலியோவை நிறுத்த நூற்றுக்கு 80 முதல் 86 வேண்டும். மூன்று தவணைக்கும் பத்துத் தவணைக்கும் உள்ள வேறுபாடு நோய் நீடிப்பதற்கும் ஒழிவதற்கும் உள்ள வேறுபாடாகிவிடுகிறது. "போன மாதம்தானே போட்டோம், மறுபடியும் ஏன்?" என்று பேருந்து நிலையத்தில் தாய்மார்கள் கேட்டபோது, சொட்டு மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் இந்த விடை இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பேன். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் கடைசியாகத் தாக்கியது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச் 27இல், இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ இல்லாத பகுதி என்று சான்று பெற்றது.

அதே ஜேக்கப் ஜானும் உடன் பணியாற்றியவர்களும் 1980களில் வடஆற்காடு மாவட்டத்தில் ஒரு நோய்க் கண்காணிப்பு முறையை ஏற்படுத்தினார்கள். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் 'நதி' என்று வரும். அரசு மருத்துவமனைகளோடு தனியார் மருத்துவர்களும் குறிப்பிட்ட சில நோய்களைக் கண்டால் அச்சடித்த அஞ்சலட்டையை நிரப்பி அனுப்பிவிட வேண்டும். வந்து சேர்ந்த தகவல் ஒரு மாத அறிக்கையாக எல்லாருக்கும் திரும்பிப் போகும். அரசு மருத்துவமனைக் கணக்கை மட்டும் எடுத்தால், தெருமுனை மருத்துவரிடம் போன காய்ச்சல்கள் எல்லாம் விட்டுப்போகும். அந்த ஓட்டையை அடைத்தது இந்த அஞ்சலட்டை. கணினி வராத காலத்தில் ஒரு மாவட்டம் முழுவதையும் இப்படி இணைத்ததைக் கண்டு, பின்னர் கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்திலும் இந்த முறையைப் பின்பற்றினார்கள்.

மூன்றாவதாக, குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணமான ரோட்டா வைரஸ். அதே மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர் ககன்தீப் காங் முதலியோர், வேலூரின் நெருக்கமான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்து மூன்று வயது வரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். களப் பணியாளர்கள் வாரம் இருமுறை வீட்டுக்குப் போய்க் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதினார்கள். கடைசிவரை 373 குழந்தைகள் நிலைத்திருந்தனர். மெக்சிகோவில் முன்பு நடந்த ஆய்வில், இரண்டு முறை தொற்று வந்த குழந்தைக்குக் கடுமையான நோய் மறுபடி வரவே இல்லை. வேலூர்க் குழந்தைகளுக்கோ மூன்று முறை வந்த பிறகும் பாதுகாப்பு 79 விழுக்காடுதான். 2011இல் வெளியான இந்த ஒரு எண், தடுப்பூசி இங்கே எவ்வளவு பலன் தரும் என்ற கணக்குகளை எல்லாம் மாற்றி எழுதவைத்தது. மெக்சிகோவின் எண்ணை அப்படியே இங்கே போட்டிருந்தால் மாதிரி தப்பாகப் போயிருக்கும். கதவைத் திறந்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு முறை மூன்று ஆண்டுகள் அலுக்காமல் பதில் சொன்ன அந்தத் தாய்மார்களை, நீங்கள் கேட்ட வேலூரின் பங்கில் நான் முதலில் வைப்பேன்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். வீட்டில் கணினி இல்லை. இந்தக் கணக்கை நானே செய்துபார்க்க முடியுமா? – ஒரு மாணவர், ஆரணி

பதில்: தாராளமாக முடியும் தம்பி. ஒரு கோடு போட்ட நோட்டு போதும். காட்பாடி மாணவிக்கு எழுதிய பதிலில் உள்ள விடுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் 'புதிதாக வந்தவர்கள்', வலப்பக்கம் 'இன்னும் வராதவர்கள்' என்று இரண்டு பத்திகள் போடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக வந்தவர்களை 2ஆல் பெருக்கி, வராதவர்களின் எண்ணிக்கையாலும் பெருக்கி, நூறால் வகுத்தால் அடுத்த சுற்று வரும். வந்த விடையை வலப்பக்கத்திலிருந்து கழித்துவிடுங்கள். முதலில் விடைகளை அருகிலுள்ள முழு எண்ணாக்கி, விடை ஒன்றுக்கும் குறைவாக வரும் சுற்றில் நிறுத்தி, இடப்பக்கத்தைக் கூட்டினால் நான் சொன்ன 86 வருகிறதா என்று சரிபாருங்கள். பிறகு, காய்ச்சல் வருவதற்கு முன்பே 40 பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டிருந்தால், அதாவது வலப்பக்கம் 99க்குப் பதிலாக 59இல் தொடங்கினால் என்ன ஆகிறது, 60 பிள்ளைகளுக்குப் போட்டு 39இல் தொடங்கினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். இந்த இரண்டு முறையும் விடையை முழு எண்ணாக்காமல் தசமத்தோடே வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக 2க்குப் பதில் 3 போட்டுப் பாருங்கள். ஏதோ ஒரு சுற்றில், மிச்சமுள்ள பிள்ளைகளைவிடப் புதிய நோயாளிகள் அதிகம் என்று ஒரு நடக்காத விடை வரும். இந்த எளிய பெருக்கல் எங்கே தவறுகிறது, ஒரே பிள்ளையை இரண்டு பேர் தொட்டால் அதை எத்தனை முறை எண்ணுகிறோம் என்று யோசித்து, நோட்டின் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அதிலிருந்தே தொடங்குகிறேன்.